மாடிக்கு அனுமதி இல்லை, தொழுவம் ஓடையில்: இந்த வீட்டை வாங்கலாமா?

சென்னையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

அவரும் கணவரும் தென்காசி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் வீடு வாங்கிக் குடியேற நினைக்கிறார்கள். 5 சென்ட் மனை. விற்பவரின் அப்பா 1979-ல் கிரையம் வாங்கி, 1988-ல் ஊராட்சி அனுமதியோடு 640 சதுர அடியில் வீடு கட்டினார். 2014-ல் விற்பவர் மாடியில் 480 சதுர அடிக்கு இரண்டு அறைகள் எடுத்தார். அதே சமயம் பின்னால் இருந்த மாட்டுத் தொழுவத்தை 260 சதுர அடியில் சமையலறையோடு ஒரு தனி வீடாக மாற்றி வாடகைக்கு விட்டார். இந்த இரண்டுக்கும் பிளான் அப்ரூவல் இல்லை. பின்வீட்டின் ஒரு பகுதி ஓடைப் புறம்போக்கில் இருப்பதாக ஊரில் பேச்சு. பட்டா இன்னும் அப்பா பெயரில்தான். அவர் 2009-ல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மாவும் இரண்டு சகோதரிகளும் இருக்கிறார்கள்.

விலை 38 லட்சம். பத்திரத்தில் கீழ்வீட்டை மட்டும் காட்டி 16 லட்சத்துக்குப் பதிவு செய்வது, மீதி 22 லட்சத்தை ரொக்கமாகக் கொடுப்பது என்று பேச்சு. 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டு 2 லட்சம் ரொக்கமாக அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. வங்கியோ அனுமதி பெற்ற பகுதியை வைத்துத்தான் கடன் தருவோம் என்கிறது. சீசனில் மாடியைக் குற்றாலம் வரும் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டால் செலவுக்கு ஆகும் என்பது இவர்களின் கணக்கு. விற்பவர், “மதினி, வீட்டு வரி கட்டுறோம், கரண்ட் இருக்கு, பத்து வருசம் தாண்டியாச்சு. ஊர்ல யாரு பிளானைக் கேக்கா?” என்கிறாராம். ஓய்வுப் பணம் முழுவதையும் போடுகிறோம், வாங்கலாமா என்பது கேள்வி.

அம்மா, இப்போது பேசியிருக்கும் விதத்தில் வாங்காதீர்கள். வீட்டையே விட்டுவிடச் சொல்லவில்லை. நீங்கள் 1,380 சதுர அடிக்கு விலை பேசியிருக்கிறீர்கள்; காகிதத்தில் நிற்பது 640 சதுர அடிதான். அதையும் உங்களுக்கு முழுமையாக விற்கும் உரிமை விற்பவருக்கு இன்னும் இல்லை. வங்கி கறாராக இருக்கிறது என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். இத்தனை பேரில் உங்களிடம் உண்மையைச் சொன்னது அந்த வங்கிதான்.

முதலில், நீங்கள் கேட்காத கேள்வி

பட்டா அப்பா பெயரில் இருப்பதையும், அம்மாவும் சகோதரிகளும் இருப்பதையும் போகிறபோக்கில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மாடியைவிட அந்த வரிதான் பெரிதாகத் தெரிகிறது.

சொத்து அப்பா தன் பணத்தில் வாங்கியது. இந்துக் குடும்பம் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. உயில் இல்லாததால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி மனைவி, மகன், இரண்டு மகள்கள் என நால்வருக்கும் சம பங்கு. ஆக, விற்பவருடையது நாலில் ஒரு பங்கு.

“தங்கச்சிகளுக்கு 89-க்கு முன்னாலேயே கல்யாணம் முடிஞ்சு சீர் செஞ்சாச்சு, அவங்களுக்குப் பங்கு கிடையாது” என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். அந்த 1989 கணக்கு, தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தில் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்து பற்றி வந்தது. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கு எப்போது கல்யாணம் ஆனது என்பதற்கு இடமே இல்லை. சீர் செய்ததும் பங்கைக் கழிக்காது.

எனவே அம்மாவும் இரண்டு சகோதரிகளும் கிரையப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் அதற்கு முன்பே தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விற்பவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து தர வேண்டும். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டாவை மாற்றிய பிறகு கிரையத்துக்கு வருவது இன்னும் நல்லது. இதில் ஒருவர் மறுத்தாலும் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை. அட்வான்ஸைத் திரும்பக் கேளுங்கள்.

வரி ரசீது, மின் இணைப்பு, பத்து வருடம்

சரி, குடும்பம் முழுக்கக் கையெழுத்துப் போடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். இனி கட்டடத்துக்கு வருவோம்.

வீட்டு வரி என்பது கட்டடம் இருக்கிறது என்பதற்காக ஊராட்சி வசூலிப்பது. அனுமதியோடு கட்டியதா, யாருக்குச் சொந்தம் என்பதையெல்லாம் அந்த ரசீது தீர்மானிக்காது. மின் இணைப்பும் அப்படித்தான். மூன்று மீட்டர் இருப்பதால் மூன்று வீட்டுக்கும் அனுமதி உண்டு என்று ஆகிவிடாது.

பத்து வருடம் தாண்டினால் யாரும் தொட முடியாது என்பதும் தவறு. மீரட் நகரத்தின் சாஸ்திரி நகரில் குடியிருப்பு மனையில் கட்டிய கடைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17-ல் தந்த தீர்ப்பைச் சொல்கிறேன். காலம் கடந்துவிட்டது, அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை, பணம் போட்டுவிட்டோம் என்ற காரணங்களால் அனுமதியற்ற கட்டடம் சட்டப்படியானதாகிவிடாது என்று நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கட்டி முடித்ததும் தரப்படும் முடிவுச் சான்றைச் சரிபார்த்த பிறகே வங்கிகள் கட்டடத்தின் பேரில் கடன் தர வேண்டும் என்றும் அதில் உத்தரவு உண்டு. நம் மாநிலத்தில் சிறு வீடுகளுக்கு முடிவுச் சான்றிலிருந்து விலக்கு இருக்கிறது. ஆனால் அது கட்டி முடித்த பிறகு வாங்கும் சான்றுக்கான விலக்கு. கட்டுவதற்கு முன் வாங்க வேண்டிய அனுமதிக்கு இல்லை. புரோக்கர்கள் இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்புவார்கள்.

இதே குழப்பம் வரன்முறைப்படுத்துவதிலும், அதாவது அனுமதியில்லாததைப் பிறகு சட்டப்படியாக்குவதிலும் உண்டு. அரசு 2017-ல் கொண்டுவந்த விதிகள், 2016 அக்டோபர் 20-க்கு முன் போடப்பட்ட அங்கீகாரமற்ற மனைகளுக்கானவை. அங்கே வரன்முறையாவது மனைதான், அதன் மேல் நிற்கும் கட்டடம் ஆகாது. கட்டடங்களுக்கென்று நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-சி என்ற பிரிவு தனியாக இருக்கிறது. அது 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கு. உங்கள் மாடி 2014-ல் எழுந்தது. “அப்புறமா ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்” என்று யாராவது சொன்னால், எந்தப் பிரிவில் என்று கேளுங்கள்.

நடவடிக்கை வந்தால் கட்டியவர்மீதுதானே வரும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கிரையம் முடிந்த மறுநாள் கட்டடத்தின் உரிமையாளர் நீங்கள். நோட்டீஸ் ஒட்டப்படுவது உங்கள் கதவில். விற்பவரிடம் நஷ்டத்தைக் கேட்கலாமே என்றால், அங்கேயும் ஒரு சிக்கல். சொத்திலோ உரிமையிலோ, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தால் தெரியாத குறை இருந்தால் விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. உங்களுக்குக் குறை முழுவதும் முன்கூட்டியே தெரியும். எனக்கு எழுதிய கடிதத்தில் நீங்களே சதுர அடியோடு பட்டியல் போட்டிருக்கிறீர்கள். தெரிந்தே வாங்கிய பிறகு ஏமாற்றிவிட்டார் என்று சொல்வது கடினம்.

ஊர்க்காரர்கள் சொல்வதில் ஒரு பாதி உண்மை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கிராமத்தில் இப்படி எழும்பிய மாடிகள் ஏராளம். எல்லாவற்றையும் யாரும் இடிப்பதில்லை. பெரும்பாலும் ஏதாவது ஒரு தகராறில்தான் விஷயம் வெளியே வரும்: பக்கத்து வீட்டுக்காரர் மனு கொடுப்பார், பங்கு கிடைக்காத உறவினர் புகார் எழுதுவார், அல்லது நீங்கள் விற்கப் போகும்போது வாங்க வருபவரின் வங்கி கேட்கும். உள்ளூர்க்காரர் இதைச் சமாளிப்பார். புதிதாக வந்து குடியேறும் உங்களுக்கு அங்கே அந்தப் பலம் கிடையாது.

ஓடையில் இருக்கும் அறை

மாடிக்கும் பின்வீட்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. மாடி நிற்பது பட்டா நிலத்தின் மேல். விதிகளுக்குள் அடங்கினால் அதைச் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. பின்வீடு நிஜமாகவே ஓடைக்குள் போயிருந்தால், அந்தப் பகுதியைச் சரிசெய்ய வழியே இல்லை. ஓடை, குளம், வாய்க்கால் எல்லாம் ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம். விலையோ இழப்பீடோ கிடைக்காது. 12 வருடம் அனுபவித்தால் சொந்தமாகிவிடும் என்ற பேச்சு தனியார் நிலத்துக்குத்தான். அரசு தன் நிலத்தை மீட்க வழக்குப் போட காலவரையறைச் சட்டம் 30 வருடம் தருகிறது. நீர்நிலை என்று வந்துவிட்டால் நீதிமன்றங்கள் அந்த 30 வருடக் கணக்குக்குக்கூடக் காது கொடுப்பது அரிது.

சில ஊர்களில் “பி மெமோ கட்டியிருக்கோம், அதுதான் ஆதாரம்” என்று ஒரு ரசீதை நீட்டுவார்கள். பி மெமோ என்பது ஆக்கிரமித்ததற்காகப் போட்ட தண்டத் தீர்வை. ஆதாரம்தான், ஆக்கிரமிப்புக்கு!

ஆனால் இதுவரை உங்களிடம் இருப்பது ஊர்ப்பேச்சு மட்டும். புல எண்ணுக்கான எஃப்எம்பி என்ற நில அளவை வரைபடத்தையும், நிலம் என்ன வகை என்று காட்டும் அ-பதிவேட்டையும் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையச் சேவையில் நீங்களே எடுத்துப் பாருங்கள். அப்புறம் விற்பவரைக் கட்டணம் கட்டி நில அளவைக்கு மனுப் போடச் சொல்லுங்கள். சர்வேயர் கல் ஊன்றினால், ஓடைக்குள் போயிருப்பது அரை அடியா பத்து அடியா என்று தெரிந்துவிடும். அளவைக்கு விற்பவர் தயங்கினால் அந்தத் தயக்கமே பதில்.

கிராமம் மலையடிவாரத்தில் என்கிறீர்கள். அது மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின், அதாவது ‘ஹாகா’வின் பட்டியலில் வருகிறதா என்பதையும் நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். வந்தால் மாடிக்கு அனுமதி வாங்கும் பாதை இன்னும் நீளும்.

பத்திரத்தில் 16, கையில் 22

இதற்கு நான் சம்மதம் சொல்லவே மாட்டேன். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 38 லட்சத்துக்கு 3,42,000 ரூபாய், 16 லட்சத்துக்கு 1,44,000 ரூபாய். மிச்சமாவது 1,98,000. அதற்காக 22 லட்சத்தை ஆவணமே இல்லாத பணமாக ஆக்குகிறீர்கள். நாளை உரிமையில் சிக்கல் வந்து கிரையம் ரத்தானால் நீதிமன்றத்தில் நீங்கள் காட்டக்கூடியது 16 லட்சம். பிறகு விற்றால் மூலதன ஆதாய வரிக் கணக்கிலும் வாங்கிய விலை 16 லட்சம்தான்.

சட்டப்படியும் தவறு. தீர்வையைப் பாதிக்கும் விவரங்களைப் பத்திரத்தில் உண்மையாகச் சொல்ல வேண்டும் என்கிறது முத்திரைச் சட்டம் 27-ஆம் பிரிவு. மதிப்பைக் குறைத்திருந்தால் 47-ஏ பிரிவில் மேல்நடவடிக்கை வரும். இப்போது சொத்தின் புகைப்படத்தையும் ஆவணத்தோடு சேர்க்கச் சொல்கிறார்கள். கீழ்வீடு மட்டும் என்று எழுதிவிட்டு, மாடியோடு நிற்கும் வீட்டைப் படம் பிடித்து ஒட்டுவீர்களா? பெண் பெயரில் பதிவு செய்தால் கட்டணம் குறையும் என்று புரோக்கர் சொன்னது 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்கு, உங்களுக்குப் பொருந்தாது.

இன்னொன்று. பதிவாகிவிட்டால் அரசே ஒப்புக்கொண்ட மாதிரி என்று எழுதியிருக்கிறீர்கள். சார்பதிவாளர் விற்பவரின் உரிமையை ஆராய்ந்து சான்று தருபவர் இல்லை. மூலப்பத்திரம் காட்டினால்தான் பதிவு என்றிருந்த தமிழ்நாட்டு விதி 55-ஏ(1)-ஐ உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் செல்லாது என்று சொன்னது இந்த அடிப்படையில்தான். அந்த வேலை உங்களுடையது, உங்கள் வழக்கறிஞருடையது.

என்ன செய்யலாம்

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் கீழ்வீட்டின் 1988 அனுமதியையே தேடுவேன். விற்பவரிடம் வரைபட நகல் இருக்கிறதா? இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஊராட்சிக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த அனுமதியே இல்லை என்று தெரிந்தால் நாம் இதுவரை பேசிய 640 சதுர அடியும் கேள்விக்குள்ளாகும்.

அது இருக்கிறது, ஓடைப் பிரச்சினையின் அளவும் தெரிந்துவிட்டது என்றால், விற்பவரே தன் பெயரில், தன் செலவில் மாடிக்கு அனுமதி வாங்கித் தந்த பிறகு கிரையம் என்பதுதான் எனக்குப் பிடித்த வழி. பதிவு பெற்ற பொறியாளர் ஒருவர் அளந்து, பக்க இடைவெளி, தளப்பரப்பு எல்லாம் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளுக்குள் வருகிறதா என்று சொல்லட்டும். 1988-ன் சுவர்கள் மாடியைத் தாங்குமா என்றும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சட்டம் தெரிந்த அளவுக்கு எனக்குச் செங்கல் தெரியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரையும் ஒரு மாடியும் கட்ட, சுயசான்று முறையில் உடனடி அனுமதி தரும் திட்டம் 2024 ஜூலையிலிருந்து இருக்கிறது. உங்கள் அளவுகள் அதற்குள் அடங்கும் என்பதால், இனிமேல்தான் கட்டப் போகிறோம் என்று எழுதி வாங்கிவிடலாம் என யாராவது ஆசை காட்டுவார்கள். அந்தத் திட்டம் கட்டப் போகும் வீட்டுக்கு. நிற்கும் மாடியை மறைத்து உறுதிமொழி கொடுப்பது பொய்ச் சான்று. அப்படி வாங்கிய அனுமதியை நம்பி 38 லட்சம் கொடுக்க முடியாது.

அனுமதிக்குக் காத்திருக்க முடியாது, வீடு மனத்துக்குப் பிடித்துவிட்டது என்றால், விலையைத் திருப்பிப் பேசுங்கள். மனைக்கும் 640 சதுர அடிக்கும் முழு விலை. மாடிக்கு, நாளை இடிக்க நேர்ந்தாலும் கவலையில்லை என்று நீங்கள் நினைக்கும் தொகை மட்டும். பின்வீட்டில் ஓடைக்குள் இருக்கும் பகுதிக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். அதை அகற்றும் செலவைக்கூடக் கழிக்கலாம். பத்திரத்தில் எல்லாக் கட்டடத்தையும் உள்ளபடி எழுதி, கொடுக்கும் பணம் முழுவதையும் வங்கி வழியாகக் கொடுங்கள். பின்வீட்டு வாடகைக்காரர் காலி செய்த பிறகே கிரையம். மாடியைச் சீசனுக்கு விடும் வருமானத்தை அந்தக் கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள். அனுமதியற்ற அறையில் வெளியாட்களைப் பணத்துக்குத் தங்கவைத்து, அங்கே ஒரு விபத்து நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

கொடுத்த 2 லட்சம்

தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். உங்களுடையது பதிவாகவில்லை. அதனால் வெறும் தாள் ஆகிவிடவில்லை. பதிவாகாத ஒப்பந்தத்தையும் அதை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-ல் நம் மாநிலத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அந்தத் தாளை நம்பி மேற்கொண்டு பணம் கொடுக்க வேண்டாம். அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அட்வான்ஸ் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால், வாங்கியவருக்கு அதே தொகை அபராதம். இதை அவரிடம் மிரட்டலாகச் சொல்லாதீர்கள். இனி எல்லாம் வங்கி வழியாக என்று நீங்கள் கேட்பது அவருக்கும் பாதுகாப்பு என்று புரியும்படி சொல்லுங்கள்.

பேச்சு தொடர்ந்தால் புதிய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள். அதில் அம்மாவும் சகோதரிகளும் கையெழுத்திட வேண்டும். நில அளவை, மாடி அனுமதி, பட்டா மாற்றம் மூன்றும் இன்ன தேதிக்குள் முடிய வேண்டும், முடியாவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வேண்டும் என்று தெளிவாக இருக்கட்டும். ஏற்கெனவே கொடுத்த 2 லட்சத்தையும் அதில் குறிப்பிடச் சொல்லுங்கள்.

பேச்சு முறிந்தால், வாரிசுகளின் கையெழுத்து இல்லாததையும் அனுமதி இல்லாததையும் காரணமாகச் சொல்லி, பணத்தைத் திரும்பக் கேட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். காரணமில்லாமல் நீங்களாகவே பின்வாங்கியதாக அவர் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. முறையான காரணத்தோடு வாங்க மறுப்பவருக்கு, கொடுத்த பணத்துக்கு அந்தச் சொத்தின் மேலேயே பொறுப்புரிமை, அதாவது அதிலிருந்தே பணத்தை வசூலிக்கும் உரிமை உண்டு. விற்பவரின் பங்கு அளவுக்கு அதைக் கேட்கலாம். வழக்கு வரை போக நேர்ந்தால் மூன்று வருடத்துக்குள் போட்டுவிடுவது பாதுகாப்பு. முத்திரைத்தாளின் அசல் யாரிடம் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. விற்பவரிடம் இருந்தால், இந்த வாரமே இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி வாட்ஸ்அப்பில் கேளுங்கள். அந்தச் செய்தியிலேயே பணம் கொடுத்த தேதியையும் தொகையையும் எழுதிவிடுங்கள்.